புகையும் குடலும்: திருவள்ளூரிலிருந்து பார்க்கும்போது

புகையிலை மனித உடலின் எந்த உறுப்புக்கும் நன்மை செய்ததில்லை என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஏறத்தாழ உண்மை. அந்த 'ஏறத்தாழ'வுக்குள் ஓரிரு விதிவிலக்குகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் மருத்துவர்களை மிகவும் சங்கடப்படுத்துவது பெருங்குடலைப் பற்றியது. சங்கடம் என்று சொல்லக் காரணம், அந்த விதிவிலக்கை உரக்கச் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்ளப் பலர் காத்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டாலோ நோயாளி அதை வேறெங்காவது பாதியாகக் கேட்டுவிட்டு வருகிறார். முழுதாகச் சொல்லிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம். இதை இலண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ பார்க்காமல், சென்னைக்கு வடக்கே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியிலிருந்து பார்த்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

முதலில் நோய்களை அறிமுகம் செய்துகொள்வோம். குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயரின் கீழ் இரண்டு நோய்கள் உள்ளன. ஒன்று, மருத்துவமனைச் சீட்டுகளில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று எழுதப்படும் பெருங்குடல் புண்ணழற்சி. இது பெருங்குடலோடு நின்றுவிடும். அதன் உட்சுவரின் மேற்பரப்பைத்தான் தாக்கும். இரத்தமும் சளியுமாகக் கழிச்சல் போகும். மற்றது க்ரோன் நோய். இது வாய் முதல் குதம் வரை எங்கும் வரலாம். பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் குடிகொள்ளும். குடற்சுவரை முழு ஆழத்துக்கும் அரித்து அடைப்பையும் பவுத்திரத்தையும் உண்டாக்கும். இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகைவனாகக் கருதிப் போரிடுகிறது. இரண்டும் பெரும்பாலும் இளமையில் தொடங்குகின்றன. வாழ்நாள் முழுதும் வந்து வந்து போகின்றன.

இந்நோய்களின் வரலாறு ஒரு கொலை வழக்கில் தொடங்குவது வாசகர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். 1859இல் இங்கிலாந்தில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் நாளுக்கு நாள் மெலிந்து இறந்தார். அவருடன் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் ஏற்கெனவே மணமானவர். அதை மறைத்து இசபெல்லாவையும் மணந்திருந்தார். இசபெல்லாவின் சொத்தும் உயில் வழியே அவருக்கு வரவிருந்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? நஞ்சூட்டினார் என்று கைதுசெய்தார்கள். புகழ்பெற்ற நஞ்சியல் அறிஞர் ஆல்ஃபிரட் டெய்லர் ஆர்சனிக் இருப்பதாகச் சொல்லிவிட்டு, பிறகு தன் சோதனையில் பயன்பட்ட பொருளிலேயே ஆர்சனிக் கலந்திருந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழ, வழக்கு மறுபடி ஆராயப்பட்டு அவர் மன்னிக்கப்பட்டார்; இருதார மணத்துக்காக மட்டும் ஓராண்டு சிறை சென்றார். இறந்த பெண்ணின் குடலை ஆராய்ந்து குறிப்பெழுதியவர் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ். பெருங்குடல் புண்ணழற்சியின் முதல் தெளிவான விவரிப்பு என்று நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது அதுதான். பின்னாளில் அதே குறிப்பைப் படித்தவர்கள், சிறுகுடலின் இறுதிப்பகுதியும் பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, அது க்ரோன் நோயாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு நோயை இன்னொன்றாக எண்ணும் குழப்பம் ஆக முதல் நோயாளியிலேயே தொடங்கிவிட்டது.

1913இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் கென்னடி டல்சீல் சில குடல் நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, இது காசநோய் போலத் தோன்றினாலும் காசநோய் அல்ல என்றார். மாடுகளுக்கு வரும் ஜோனே நோயை இது ஒத்திருப்பதாகவும் குறிப்பிட்டார். மாடுகளைப் பற்றிய இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது. 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் பதினான்கு நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக நிறுவினார்கள். அறுவை செய்தவரான பெர்க், எழுதாத கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஆசிரியர் பெயர்கள் அகரவரிசைப்படி அச்சாயின. அவர் சம்மதித்திருந்தால் நாம் இன்று பெர்க் நோய் என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்த மூவரின் முக்கியமான வேலை, காசநோயை விலக்கிக் காட்டுவதே. காசநோய் குறைந்துகொண்டிருந்த ஊரில் அது முடிந்தது. நம்மூரில் அது இன்றுவரை முடியாத வேலை.

இனிப் புகைக்கு வருவோம்.

1982இல் வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து ஹாரிஸ், பேர்டு, ரோட்ஸ் என்ற மூவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடல் புண்ணழற்சி நோயாளிகளில் புகைப்போர் 8 விழுக்காடு. க்ரோன் நோயாளிகளில் 42 விழுக்காடு. ஒப்பீட்டுக்காக எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து எடுத்தவர்களில் 44 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது. அடுத்த ஆண்டே அதே கார்டிஃப் குழுவினர், சமயக் கட்டுப்பாட்டால் புகைக்காத மோர்மன்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள்; அவர்களிடையே பெருங்குடல் புண்ணழற்சி மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. 1984இல் வேறொரு பிரிட்டிஷ் குழு க்ரோன் நோயைத் தனியே ஆராய்ந்தபோது படம் தலைகீழானது: புகைப்போருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கணக்கின்படி, புகைப்போருக்குப் பெருங்குடல் புண்ணழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதில் 0.58 பங்கு, புகைத்து நிறுத்தியவர்களுக்கு 1.79 மடங்கு, க்ரோன் நோயில் புகைப்போருக்கு 1.76 மடங்கு. ஒரே குடும்பத்து இரு நோய்களில், ஒரே புகை ஒன்றைத் தணிக்கிறது, மற்றதை மூட்டுகிறது.

நிகோட்டின்தான் மருந்தோ என்று பார்த்தார்கள். 1994இல் கார்டிஃபின் ரோட்ஸ் குழுவே தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டைகளைச் சோதித்தது. ஆறு வாரத்தில் 35 பேரில் 17 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. போலிப்பட்டை ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கு. நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே, அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க அதே பட்டை உதவுமா என்று பார்த்ததில் பயனில்லை என்று தெரிந்தது. ஸ்வீடனில் உதட்டடியில் பொடித்த ஈரப் புகையிலையை ஒதுக்கிக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. அங்குள்ள கட்டுமானத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, அவ்வாறு ஒதுக்குவோரிடம் இவ்விரு நோய்களும் கூடவோ குறையவோ காணப்படவில்லை என்றது. ஆக நிகோட்டின் மட்டும் போதவில்லை. எரிவதிலும் புகைவதிலும் ஏதோ இருக்கிறது. 2025இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் ஒரு விளக்கம் தந்தார்கள். புகைப்போரின் குடலில் சேரும் சில வேதிப்பொருள்கள், வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் பெருங்குடற் சுவரில் குடியேற இடங்கொடுக்கின்றன. அவை தூண்டும் எதிர்ப்பாற்றல் புண்ணழற்சியின் எதிர்ப்பாற்றலுக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. க்ரோன் நோயிலோ அதே இழுப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய். விளக்கம் அழகாக இருக்கிறது. அழகான விளக்கங்களிடம் நான் சற்று எட்டியே நிற்பவன்; எனினும் புகை வேண்டாம், அந்தக் கிருமியையோ வேதிப்பொருளையோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வழியை அது திறக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய வெள்ளையரிடம் எடுத்த கணக்கு. மற்ற மக்களிடம் போனால் பாதிக் கதை கரைந்துபோகிறது. 2000இல் இஸ்ரேலில் பல மருத்துவமனைகள் சேர்ந்து யூத நோயாளிகளை ஆராய்ந்தபோது, புண்ணழற்சிக்கும் புகைக்கும் உள்ள வழக்கமான உறவு தென்பட்டது. க்ரோன் நோய்க்கும் புகைக்குமோ உறவே தென்படவில்லை. யூதர்களிடம் க்ரோன் நோய் அதிகம் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆகவே எண்ணிக்கை போதாமையால் உறவு தெரியவில்லை என்று தள்ளிவிட முடியாது. 2021இல் உலகெங்குமுள்ள ஆய்வுகளை இனவாரியாகப் பிரித்துத் தொகுத்தவர்கள், புகை க்ரோன் நோயைக் கூட்டுவது யூதரல்லாத வெள்ளையரிடம் மட்டுமே தெளிவாகத் தெரிவதாகவும், ஆசியரிடமும் யூதரிடமும் இலத்தீன் அமெரிக்கரிடமும் தெரியவில்லை என்றும் கண்டார்கள். 2015இல் வெளியான ஆசிய பசிபிக் ஆய்வில் ஆசியரிடையே புகைத்து நிறுத்தியவர்களுக்குப் புண்ணழற்சி வாய்ப்பு இருமடங்காக இருந்தது. அதாவது அந்தப் பாதிக் கதை மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்துகிறது.

மரபணு ஒரு காரணமாக இருக்கலாம். ஐரோப்பியரிடம் க்ரோன் நோயோடு தொடர்புடையவை என்று 2001இல் கண்டறியப்பட்ட 'நாட்2' மரபணுவின் மூன்று மாற்றங்கள் இந்தியரிடம் ஏறக்குறைய இல்லை. நோயின் பெயர் ஒன்று. அதற்குப் போகும் பாதைகள் வேறு.

இந்தியரின் பாதையைப் பார்ப்போம். வெப்ப நாட்டவருக்குப் பெருங்குடல் புண்ணழற்சி வராது என்றே ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இரத்தக் கழிச்சல் என்றால் அமீபா. அதற்கு மேல் எண்ணிப் பார்ப்பாரில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியரை ஆராய்ந்து 1992இல் வெளியான கட்டுரை அந்த எண்ணத்தைக் கலைத்தது. இந்துக்களிடமும் சீக்கியரிடமும் அந்நோய் உள்ளூர் ஐரோப்பியரைவிட அதிகம். பின்னர் லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அஜித் சூட் குழுவினர் பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று 51,910 பேரை விசாரித்தனர். 2003இல் வெளியான அவர்களது கணக்கில் இலட்சத்துக்கு 44.3 பேருக்கு இந்நோய். ஆசியாவில் அதுவரை எங்கும் காணாத அளவு அது. சீக்கிய சமயம் புகையிலையை விலக்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். உடனே முடிச்சுப் போட மனம் துடிக்கிறது. ஆனால் புகைக்காத மக்கள் இந்தியாவில் வேறு பலரும் உண்டு. கோதுமை, பால், செழிப்பு, பசுமைப் புரட்சியின் வேதிப்பொருள்கள் என்று பஞ்சாபுக்கு வேறு தனித்தன்மைகளும் உண்டு. நான் முடிச்சுப் போடவில்லை.

தமிழருக்கு நெருக்கமான சான்று மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கு ஒரே மருத்துவமனைக்கு மலாயரும் சீனரும் இந்தியரும் வருகிறார்கள். இந்தியர் என்றால் அங்கு பெரும்பாலோர் தமிழர், தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வுகளிலும், பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்து 2015இல் வெளியான கணக்கிலும் குடல் அழற்சி நோய் இந்தியரிடமே மிகுதி, மலாயரிடம் குறைவு. மூன்று இனத்தாரில் மலாய் ஆண்களிடம்தான் புகைப்பழக்கம் அதிகம். இங்கும் முடிச்சு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மூன்று இனத்துப் பெண்களும் பெரும்பாலும் புகைப்பதில்லை என்பதை மறந்துவிட்டு அதைப் போட முடியாது.

இனி வீட்டுக்கு வருவோம். இலக்கிய வாசகர்களுக்குப் புகையிலை என்றால் சீனிச் சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது நினைவுக்கு வரலாம், உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த இலை சில தலைமுறைக்குள் பழநி முருகனிடம் தூது போகுமளவுக்கு இங்கே வேர்விட்டிருந்தது. அந்த இலை இன்று எப்படி உள்ளே போகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலையை வாயில் இடுவோர் 21.4 விழுக்காடு. ஐரோப்பிய ஆய்வுகள் பெரும்பாலும் சிகரெட்டைப் பற்றியவை. இங்கே பெரும்பான்மையோர் மெல்லுகிறார்கள், ஒதுக்குகிறார்கள். புகைப்போரிலும் பலர் பீடிக்காரர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலை முன் நிற்கும் இளைஞருக்கு இரு கைகளும் வேலையில் இருக்கும். சுண்ணாம்பு தேய்த்து உதட்டடியில் ஒதுக்கிய கைனிதான் அவருக்குத் துணை. ஸ்வீடன் ஆய்வு சொன்னது இவருக்கும் பொருந்துமானால், குடலைப் பொறுத்தவரை நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வாய்ப்புற்றுநோய் தனிக் கணக்கு.

திருவள்ளூரை நான் தேர்ந்தது தற்செயலாக அல்ல. உலக மருத்துவ இலக்கியத்தில் இந்தப் பெயருக்கு நிரந்தர இடமுண்டு. ஆனால் அது செங்கல்பட்டு என்ற பெயரில் வழங்குகிறது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டத்தில் 209 கிராமங்களையும் சில சிற்றூர்களையும் உள்ளடக்கி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தன. ஏறத்தாழ இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு வெறும் நீர். அதுவரை நடந்த பி.சி.ஜி. சோதனைகளிலேயே பெரியது. முடிவு 1979இல் வெளியானபோது உலகமே திகைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. ஏன் என்பதற்கு அதிகம் ஏற்கப்பட்ட விளக்கம், இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினக் கிருமிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றோடு பழகிய உடலுக்கு ஊசி புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை என்பது.

அந்த மக்களை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. 1999 முதல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் அங்கே மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தார்கள். அவர்களுள் கொளப்பன், கோபி ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புகைக்கும் ஆண்களுக்கு நுரையீரல் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல். எண்ணிக்கை கூடக்கூட மடங்கும் கூடியது. 2007இல் திருவள்ளூர்க் கணக்கெடுப்புகளைக் கொண்டு அக்குழுவினர் எழுதியதும் அதையே சொன்னது, மதுவும் சேர்ந்துகொண்டது. இவற்றுக்கு நடுவே 2003இல் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குச் சென்று விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதி புகையால் நேர்கிறது என்பது அவர்களது கணிப்பு. மேலை நாட்டில் புகை என்றால் புற்றுநோய், மாரடைப்பு. நம்மூரில் புகை என்றால் முதலில் காசநோய். இதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தாம் உலகுக்குச் சொல்லிக்கொடுத்தன. நாம்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

குடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நுரையீரலுக்கு ஏன் தாவினேன் என்று கேட்கலாம். காசநோய் குடலிலும் வரும். வந்தால் க்ரோன் நோய் விரும்பும் அதே வளைவில் வரும். அதே வலி, அதே மெலிவு, அதே காய்ச்சல், அதே அடைப்பு. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டிலும் கிரானுலோமா என்ற சிறு உருண்டைகள் தெரியும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அன்னா புலிமூட் குழுவினர் 1999இலும் அதன் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகளில், காசநோயில் அவ்வுருண்டைகள் பெரியவை, ஒன்றோடொன்று இணைந்தவை, நடுவே பாலாடைக்கட்டி போல மசிந்தவை. க்ரோன் நோயில் சிறியவை, தனித்தனியானவை என்று வேறுபடுத்திக் காட்டினார்கள். நியூயார்க்கில் 1932இல் முடிந்துவிட்ட விலக்கல் வேலையை வேலூரில் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அப்படியும் பலரிடம் பிரித்தறிய முடிவதில்லை. அப்போது மருத்துவர் முதலில் காசநோய் மாத்திரைகளைக் கொடுத்துச் சில மாதம் பார்க்கிறார். அது க்ரோன் நோயாக இருந்தால் அந்த மாதங்களில் குடல் மேலும் சுருங்கும். மாறாகக் காசநோயை க்ரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அடங்கியிருந்த கிருமி உடலெங்கும் பரவி உயிரையே வாங்கிவிடும். ஆகவே முதல் தவற்றையே தெரிந்து ஏற்றுக்கொள்கிறார்கள். அறிவார்ந்த முடிவுதான். ஆனால் அந்த மாதங்களை வாழ்பவர் நோயாளி. நாள்கூலிக்காரர் என்றால் அந்த மாதங்களுக்குக் கூலியும் கிடையாது.

இதற்கும் முன்னால் அவர் சென்றிருக்கும் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. புறநகர் இரயில் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' சுவரொட்டிகளை எல்லோரும் பார்த்திருப்போம். இரத்தம் போகிறது என்றால் மூலம்; வேறு பெயர் நம்மிடம் இல்லை. குடல் அழற்சி நோய்க்கு இன்றும் பேச்சுத்தமிழில் ஒரு சொல் கிடையாது. பெயரில்லாத நோயை யாரிடம் போய்ச் சொல்வது?

வேலூரிலிருந்தே இன்னொரு முக்கியமான ஆய்வு. பாலகிருஷ்ணன் இராமகிருஷ்ணா தலைமையிலான குழு க்ரோன் நோயாளிகள் 200 பேரையும் நோயற்றவர் 200 பேரையும் ஒப்பிட்டு, இந்தியரின் சூழலில் எது நோயோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து 2011இல் வெளியிட்டது. எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிய பின் எஞ்சியவை மூன்றுதாம். வழக்கமாக மீன் உண்பவர்களுக்கும் வீட்டு வளவில் மாடு கட்டியிருப்பவர்களுக்கும் நோய் குறைவு. பாதுகாப்பான குடிநீர் கிடைப்பவர்களுக்கு நோய் கூடுதல். இறுதிப் பட்டியலில் புகை இல்லை.

டல்சீலின் மாடுகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் காலத்திலிருந்து இன்றுவரை, மாடுகளின் ஜோனே நோய்க் கிருமிதான் மனிதரில் க்ரோன் நோயை உண்டாக்குகிறது என்று வாதிடும் ஒரு பிரிவினர் உண்டு. தமிழ்நாட்டுக் கொட்டிலோ மாட்டோடு வாழ்பவனுக்கு நோய் குறைவு என்கிறது. இதைச் செங்கல்பட்டு ஆய்வோடு சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பி.சி.ஜி. ஊசியைச் செயலிழக்கச் செய்ததாகச் சொல்லப்படும் அதே மண்ணின், நீரின், சாணத்தின் கிருமிகள் குழந்தைக் குடலுக்குப் பகையல்லாததைப் பகையென்று கொள்ளாதிருக்கப் பழக்கியிருக்கலாம். ஊசிக்குத் தடையானது குடலுக்குக் காவல். இது என் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்; ஆனால் தூய்மை கூடக்கூட எதிர்ப்பாற்றல் நோய்கள் கூடுகின்றன என்ற பொதுக்கருத்து 1989 முதலே மருத்துவத்தில் உண்டு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொட்டிலில் வளர்ந்தவரின் பிள்ளை இன்று தொழிற்பேட்டைக் குடியிருப்பில், புட்டித் தண்ணீரில் வளர்கிறது. கழிச்சலில் சாகும் குழந்தைகள் குறைந்திருக்கிறார்கள். அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. பழைய அழுக்குக்குத் திரும்பச் சொல்பவர்கள் காலராவைப் பார்த்ததில்லை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன சங்கடத்துக்கு வரலாம். புகையை விட்ட சில மாதங்களில் இரத்தக் கழிச்சல் தொடங்கிய ஒருவர், மறுபடி ஒரு பீடி பற்றவைத்தால் அடங்குகிறது என்று கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்டது பொய்யில்லை; கார்டிஃப் கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த நோயாளியிடம் மருத்துவர் புற்றுநோயையும் மாரடைப்பையும் காட்டிப் பேசுகிறார். இருபது ஆண்டு கழித்து வரப்போகும் அச்சங்கள் அவை. திருவள்ளூரில் பேச வேண்டியது வேறு. புண்ணழற்சியை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டும் அதற்கடுத்த நிலை மருந்துகளும் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. அவற்றை உண்பவரிடம் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும் என்பதால்தான் சில மருந்துகளைத் தொடங்கும்முன் காசநோய்ச் சோதனை கட்டாயமாயிற்று. அவரே பீடியும் பிடித்தால், இருமடங்கு என்று கொளப்பனும் கோபியும் கணக்கிட்டது, மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றாத உடல்களை வைத்து. இந்த உடலில் அது எத்தனை மடங்காகும்? ஐரோப்பியத் தராசில் ஒரு தட்டில் குடலும் மறுதட்டில் நுரையீரலும் ஓரளவாவது ஆடும். இங்கே தட்டு ஆடுவதற்கே இடமில்லை.

மேலும் ஒன்று. அவருக்கு இருப்பது புண்ணழற்சிதான், க்ரோன் அல்ல, காசநோயும் அல்ல என்று யார் உறுதி சொன்னது? சுவரொட்டி வைத்தியரா?

முன்னர் குறிப்பிட்ட கார்டிஃப் மூவரில் முதற்பெயரான ஆண்டனி ஹாரிஸின் பிற்கால வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. புகைக்காமையே பெருங்குடல் புண்ணழற்சியின் அடையாளம் என்று எழுதிய அந்த இளம் மருத்துவர், சிறிது காலத்திலேயே வேல்ஸை விட்டு ஆப்பிரிக்கா சென்றார். நைஜீரியாவிலும் பின்னர் நெடுங்காலம் மலாவியிலும் பணிபுரிந்தார். மீதி வாழ்நாளை அவர் காசநோய்க்கே கொடுத்தார்.